இறங்கிய ஊரில் எந்த வாகனத்தில் ஏறுவது?

சென்னை விமான நிலையத்திலிருந்து நானும் அம்மாவும் வெளியே வந்தபோது இரவு ஒன்றரை மணி இருக்கும். அது 2018 ஆம் ஆண்டு. அம்மாவின் வலது கண்ணில் போர்க் காலத்தில் பட்ட காயம் வயது போகப் போக உபத்திரவம் கொடுத்தது. மதுரையில் காட்டினால் நல்லது என்று சொன்னார்கள். சீட்டுக் கட்டிய காசையும் ஒரு சோடித் தோட்டை அடகு வைத்த காசையும் சேர்த்துக்கொண்டு வெளிக்கிட்டோம். சென்னைக்குப் போகும் விமானத்தில் நள்ளிரவு ரிக்கற்தான் ஆகக் குறைந்த விலை. வளசரவாக்கத்தில் தெரிந்த குடும்பம் ஒன்று இருக்கிறது, அவர்கள் வந்து கூட்டிக்கொண்டு போவார்கள், இரண்டு நாள் தங்கிவிட்டு மதுரைக்குப் போகலாம் என்பது எங்கள் திட்டம்.

வெளியே வந்து பார்த்தால் அவர்களைக் காணவில்லை. என்னுடைய கைத்தொலைபேசியில் இலங்கைச் சிம். அது அங்கே வேலை செய்யவில்லை. அம்மாவுக்குக் கால் வீங்கிவிட்டது. எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றபோதுதான் ஒருவர் வந்தார். "இலங்கையாம்மா? எங்க போகணும்?" என்று கேட்டார். நான் வாய் திறந்தவுடனே, "அட, நம்ம ஆளுங்க" என்று சொல்லிக்கொண்டு அம்மாவின் பையைக் கையில் எடுத்துவிட்டார். அறுநூறு ரூபா என்றார். எனக்கு அந்த நேரத்தில் அவர் கடவுள் மாதிரித் தெரிந்தார். பயணப் பைகள் எல்லாவற்றையும் காரின் டிக்கியில் வைத்தார். கடவுச்சீட்டுகள், வைத்திய அறிக்கைகள், காசில் பாதி எல்லாம் அந்தப் பைகளுக்குள்தான் இருந்தன.

கார் வெளிக்கிட்டுக் கொஞ்ச தூரம் போனதும் வழியில் இன்னொரு ஆண் முன் ஆசனத்தில் ஏறினார். கேட்டதற்கு "நம்ம பையன்தாம்மா" என்றார் சாரதி. பிறகு வெளிச்சம் குறைந்த ஓர் இடத்தில் காரை நிற்பாட்டி, வளசரவாக்கம் தூரம், இரவு வாடகை, மூவாயிரம் ஆகும் என்றார். நான் இறங்குகிறோம் என்றேன். "இறங்குங்க" என்றார். ஆனால் டிக்கியைத் திறக்கவில்லை. எப்படி இறங்குவது? பைகள் அவர் கையில். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தா. கடைசியில் பேசிப் பேசி இரண்டாயிரத்து ஐந்நூறு கொடுத்தேன். வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வேறு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்த முக்கால் மணித்தியாலத்தில் நான் நினைத்த நினைவுகளை இங்கே எழுத விருப்பமில்லை.

அடுத்த நாள் காலையில்தான் அம்மா வாய் திறந்தா. "மண்முனையில பாதையில ஏறுறதெண்டாலும் ஆரு வலிக்கிற, எத்தின பேர் ஏறி நிக்கிற எண்டு பாத்துத்தானேகா ஏறுவம். நீ எப்பிடிகா பாக்காம ஏறினாய்?"

எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். அம்மா சொன்னது ஒரு காலத்து வழக்கம். 2014 ஏப்ரலில் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை கொக்கட்டிச்சோலையில் இருந்து எழுவான்கரைக்குப் போக எங்களுக்கு அந்தப் பாதைதான் இருந்தது. ஆற்றின் நிலையைப் பார்த்து, காற்றைப் பார்த்து, ஆட்களை அறிந்து ஏறினோம். ஆனால் நான் வளர்ந்த காலத்தில் இன்னொரு வழக்கமும் எங்களுக்குப் பழகிவிட்டது. ஷெல் விழுந்தால் எந்த உழவு இயந்திரம் வருகிறதோ அதன் பெட்டியில் ஏறுவோம். 2007 இல் படுவான்கரை ஊர்கள் இடம்பெயர்ந்து எழுவான்கரைக்கு வந்தபோது யாருடைய வாகனம், எங்கே போகிறது என்று எவரும் கேட்கவில்லை. ஏற்றினார்களே என்று கும்பிட்டுக்கொண்டு ஏறினோம். கேள்வி கேட்டால் இடம் போய்விடும். உயிர் தப்ப அந்தப் பழக்கம் உதவியது, உண்மை. ஆனால் சென்னை விமான நிலைய வாசலிலும் நான் அதையேதான் செய்திருக்கிறேன். வாகனம் வந்தது, ஏறினேன்.

எங்களைத் தேடி வருகிற வாகனம் ஒன்று, நாங்கள் தேடிப் போகிற வாகனம் ஒன்று. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டாயிரத்து ஐந்நூறு இந்திய ரூபாவுக்கு வாங்கினேன். 2023 இல் அம்மாவை மீண்டும் காட்டப் போனபோது அதை வைத்துக்கொண்டுதான் ஒவ்வொன்றையும் செய்தேன். எங்கள் பகுதியில் இருந்து வைத்தியத்துக்கும், கோயில்களுக்கும், வேளாங்கண்ணிக்கும் இப்போது பெண்கள் தனியாகவே போகிறார்கள். கணவரை இழந்தவர்கள், வயது போன தாய்மாரோடு போகிறவர்கள் அதிகம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ரிக்கற் வாங்கும்போதே தொடங்கும் தெரிவு

வாகனத்தைத் தெரிவு செய்வது இறங்கிய பிறகு செய்கிற வேலை என்று நினைத்திருந்தேன். அப்படியல்ல. எந்த ஊரில், எத்தனை மணிக்கு இறங்குகிறோம் என்பதே பாதியைத் தீர்மானித்துவிடுகிறது. மதுரைக்குப் போக வேண்டியவள் சென்னையில் இறங்கியது முதல் பிழை. கொழும்பில் இருந்து மதுரைக்கும் திருச்சிக்கும் நேரே விமானம் இருக்கிறது. ரிக்கற் சில ஆயிரம் கூட. ஆனால் சென்னையில் இருந்து மதுரைக்குப் போகும் செலவையும், தங்கும் செலவையும், நான் கொடுத்த இரண்டாயிரத்து ஐந்நூறையும் கூட்டிப் பார்த்தால் எது மலிவு?

2023 இல் பகலில் இறங்கும்படி மதுரைக்கே ரிக்கற் எடுத்தேன். அதற்காக முதல் நாளே மட்டக்களப்பில் இருந்து வெளிக்கிட்டு நீர்கொழும்பில் ஓர் உறவினர் வீட்டில் தங்கினோம். இரவு பஸ்ஸில் நித்திரை இல்லாமல் போய், அப்படியே விமானம் ஏறி, புது ஊரில் இறங்கினால் மூளை வேலை செய்யாது. களைத்துப் போனவளைத்தான் ஏமாற்றுவது சுகம்.

ஏதோ காரணத்தால் இரவில் இறங்க நேர்ந்தால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இந்திய விமான நிலையங்களில் கட்டடத்தை விட்டு வெளியே வந்துவிட்டால் திரும்பவும் உள்ளே விடமாட்டார்கள். வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் காவலருக்கு ரிக்கற்றும் கடவுச்சீட்டும் காட்ட வேண்டும். ஆகவே வெளியே வர முதலே செய்ய வேண்டியவற்றை உள்ளே செய்துகொள்ள வேண்டும். காசு மாற்றுவது, உள்ளூர்ச் சிம் வாங்குவது, மலசலகூடம் போவது, டாக்சிக்குக் காசு கட்டுவது, கூட்டிப் போக வருகிறவர்களுக்குக் கதைப்பது எல்லாம் இதில் அடங்கும். சிம் வாங்கக் கடவுச்சீட்டும் வீசாவும் கேட்பார்கள். வாங்கின உடனே வேலை செய்யும் என்று நம்பியும் இருக்காதீர்கள்.

சென்னையில் முற்பணம் கட்டும் டாக்சி என்று ஒரு முறை இருக்கிறது. உள்ளே உள்ள கருமபீடத்தில் போகும் இடத்தைச் சொல்லிக் காசைக் கட்டினால் துண்டு தருவார்கள். போய்ச் சேர்ந்த பிறகுதான் சாரதிக்கு உரிய துண்டைக் கொடுக்க வேண்டும். நடு வழியில் விலை கூட்டிக் கேட்க முடியாது. அன்று நான் அந்தக் கருமபீடத்தைத் தாண்டித்தான் வெளியே வந்திருக்கிறேன்! கண்ணில் படவில்லை, ஏனென்றால் அப்படி ஒன்று இருப்பது தெரியாது. பகலில் இறங்குகிறவர்களுக்கு இன்னும் நல்ல வழி உண்டு. 2016 இல் இருந்து சென்னை விமான நிலையத்துக்கு மெட்ரோ ரயில் வருகிறது. ஆலந்தூரில் மாறினால் எழும்பூருக்குப் போகலாம். சுத்தமானது, வெளிச்சமானது, ஒருவரோடும் பேரம் பேசத் தேவையில்லை. விமான நிலையத்துக்கு எதிரே திரிசூலம் என்ற சாதாரண ரயில் நிலையமும் உண்டு. அந்த மின்சார ரயில்களில் பெண்களுக்கென்று தனிப் பெட்டி இருக்கிறது. பொதி குறைவாக இருந்தால் அதுவும் நல்லது.

இலக்கத் தகட்டின் நிறம்

இது சின்ன விசயம். ஆனால் இதை முதலே தெரிந்திருந்தால் அந்த இரவு நான் அந்தக் காரில் ஏறியிருக்க மாட்டேன். இந்தியாவில் வாடகைக்கு ஓட அனுமதி பெற்ற வாகனங்களின் இலக்கத் தகடு மஞ்சள் நிறம், எழுத்துக் கறுப்பு. சொந்தப் பாவனைக்கான வாகனத்துக்கு வெள்ளைத் தகடு. மின்சார வாகனம் என்றால் பச்சைத் தகடு, அதிலும் வாடகைக்கு ஓடுவதற்கு மஞ்சள் எழுத்து இருக்கும். நாங்கள் ஏறியது வெள்ளைத் தகடு. அதாவது அவருக்கு எங்களை ஏற்றிக் காசு வாங்கவே அனுமதி இல்லை. அதனால்தான் வரிசையில் நிற்காமல் வாசலுக்கு வந்து பையைத் தூக்கினார்.

பையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடவுச்சீட்டு, காசு, வைத்திய அறிக்கை மூன்றும் உடம்போடு இருக்க வேண்டும். நான் இப்போது உள்பாவாடையில் பெரிய பை தைத்து வைத்திருக்கிறேன். அறிக்கைகள் தோளில் மாட்டும் சின்னப் பையில். பெரிய பையில் உடுப்பு மட்டும்தான். டிக்கியில் இருப்பதை விட்டுவிட்டு இறங்கிப் போகலாம் என்ற நிலையில் நாம் இருந்தால்தான் "இறங்குகிறேன்" என்ற சொல்லுக்குப் பெறுமதி இருக்கிறது. இரண்டு பெண்கள் போனால் இறங்கும்போதும் ஒருவர் முதலில் இறங்கி டிக்கியருகே நிற்க வேண்டும், மற்றவர் பை வெளியே வரும்வரை கதவைத் திறந்தபடி உள்ளே இருக்க வேண்டும். அம்மாவுக்கு இது நல்ல பழக்கமாகிவிட்டது. இப்போது மட்டக்களப்பில் ஆட்டோவில் போனாலும் அப்படித்தான் செய்கிறா!

ஆட்டோ விலையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: சென்னையில் முதல் 1.8 கிலோமீற்றருக்கு 25 ரூபா, பிறகு ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 12 ரூபா என்று அரசாங்கம் 2013 இல் நிர்ணயித்தது. அந்த விலைக்கு இப்போது ஆட்டோ கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மதுரையில் நான் சந்தித்த எந்த ஆட்டோவிலும் மீற்றர் போடவில்லை. ஆகவே வாகனக்காரரிடம் விலை கேட்க முதல் வேறொருவரிடம் கேட்பேன். வைத்தியசாலையில் துப்புரவு செய்யும் அக்காமார், மருந்துக் கடைப் பிள்ளைகள், பூ விற்கும் பெண்கள் இவர்களுக்கு உண்மையான விலை தெரியும். "இங்கேயிருந்து மீனாட்சி அம்மன் கோயிலுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?" என்று கேட்டால் பொய் சொல்லவும் மாட்டார்கள். அந்த விலையை மனதில் வைத்துக்கொண்டு, நின்று கூப்பிடுகிற ஆட்டோவை விட்டுவிட்டு, நிலையத்தில் வரிசையாக நிற்கும் ஆட்டோவுக்குப் போவேன். அங்கே சாரதிகள் ஒருவரையொருவர் அறிவார்கள். ஏறியவுடன் இலக்கத்தைத் தொலைபேசியில் சத்தமாக யாருக்காவது சொல்லுவேன். மறுமுனையில் ஆள் இல்லாவிட்டாலும் சொல்லுவேன்.

நாங்கள் "கதைக்கிறம்" என்று ஒரு சொல் சொன்னாலே இலங்கை என்று கண்டுகொள்கிறார்கள். அன்புக்கும் அது உதவும், விலை ஏறவும் உதவும். இடத்தின் பெயரையும் விலையையும் மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, மிச்சக் கதையை ஏறிய பிறகு வைத்துக்கொள்வது நல்லது. நல்ல மனிதர்கள் அங்கே நிறைய. அம்மாவுக்குச் சத்திரசிகிச்சை முடிந்த அன்று ஓர் ஆட்டோக்காரர், குழி வருகிற இடமெல்லாம் நடை வேகத்தில் ஓட்டிக்கொண்டு போய் விட்டார். காசு கூடக் கேட்கவில்லை.

கைத்தொலைபேசிச் செயலி மூலம் டாக்சி கூப்பிடுவது இப்போது அங்கே சாதாரணம். எங்கள் நாட்டுப் பிக்மீ மாதிரி அங்கே ஓலா, ஊபர், ராபிடோ. உள்ளூர் இலக்கம் இருந்தால் நாங்களும் பாவிக்கலாம். சாரதியின் பெயரும் வாகன இலக்கமும் தொலைபேசியில் வரும். கூடவே நாலு இலக்கமுள்ள ஒரு எண்ணும் வரும், அதைச் சாரதிக்குச் சொன்னால்தான் பயணம் தொடங்கும். வாகனத்தின் இலக்கம் ஒத்துப் போகிறதா என்று பார்த்த பிறகே அந்த எண்ணைச் சொல்லுங்கள். "ஆப்பை ரத்துப் பண்ணிட்டு வாங்க, கம்மியாப் போறேன்" என்று சிலர் சொல்லுவார்கள். ரத்துச் செய்தால் அந்தப் பயணத்துக்கு எந்தப் பதிவும் இல்லை. மறுத்துவிடுங்கள்.

பஸ்ஸும் ரயிலும்

தமிழ்நாட்டில் 2021 மே மாதம் தொடக்கம் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் காசு இல்லை. முன்னும் பின்னும் இளஞ்சிவப்பு வர்ணம் பூசியவை அவை. இது எங்களுக்கும் செல்லுமா என்று எனக்குச் சந்தேகம். மதுரையில் காசை நீட்டியபோது நடத்துனர், "லேடீஸுக்கு டிக்கெட் இல்லம்மா, வச்சுக்குங்க" என்று ஒரு வெறும் ரிக்கற்றைக் கிழித்துத் தந்தார். அடையாள அட்டை ஒன்றும் கேட்கவில்லை. அம்மா அந்தத் துண்டைப் பத்திரமாக ஊருக்குக் கொண்டுவந்திருக்கிறா. ஆசனங்களுக்கு மேலே 'மகளிர்' என்று எழுதியிருக்கும், அதில் ஆண் இருந்தால் எழும்பச் சொல்லலாம், எழும்புவார்கள். சன நெரிசலில் மட்டும் கழுத்துச் சங்கிலியைக் கவனித்துக்கொள்ள வேண்டும். கண்ணிலோ வயிற்றிலோ வெட்டிய நோயாளியோடு இந்தப் பஸ்ஸில் ஏறவே கூடாது. இலவசம் என்று நினைத்து ஏறி இடிபடுவதைவிட ஆட்டோவுக்குக் கொடுப்பது மேல்.

வெளிநாட்டுப் பஸ்ஸில் ஏறப் பயமில்லையா என்று இங்கே பலர் கேட்டார்கள். எங்கள் நாட்டிலேயே பஸ்ஸிலும் ரயிலிலும் 90 வீதமான பெண்கள் தொந்தரவுக்கு ஆளாகியிருக்கிறார்கள் என்று ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியத்தின் ஆய்வு சொன்னது. பயப்படுவதென்றால் இங்கேயே பயப்பட வேண்டும்.

இரவில் தூரம் போகும் தனியார் பஸ்களில், பெண்ணுக்குப் பக்கத்து ஆசனத்தைப் பெண்ணுக்கே கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. ரிக்கற் எடுக்கும்போதே கேளுங்கள். அதைவிட முக்கியம், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் இறக்குவார்கள் என்பது. ஊருக்குள் போகாமல் விடிய நாலு மணிக்குப் புறவழி வீதியில் இறக்கிவிட்டுப் போகும் பஸ்கள் உண்டு. சென்னைக்கு முன்பு போய் வந்தவர்கள் கோயம்பேடு என்ற பெயரைத்தான் சொல்லுவார்கள். ஆனால் 2023 டிசம்பர் இறுதியில் வண்டலூருக்கு அப்பால் கிளாம்பாக்கத்தில் புது நிலையம் திறந்த பிறகு, தென் மாவட்டப் பஸ்கள் அங்கேயிருந்துதான். பழைய ஆட்களின் சொல்லைக் கேட்டுப் போனால் அலைய வேண்டி வரும்.

என்னைக் கேட்டால் தூரப் பயணத்துக்கு ரயிலைத்தான் சொல்லுவேன். மலசலகூடம் உண்டு, நடக்கலாம், சுற்றிவரக் குடும்பங்கள் இருக்கும். முன்பதிவு செய்த பெட்டியில் போக வேண்டும், பதிவில்லாப் பெட்டியில் நோயாளியோடு ஏறவே முடியாது. நாற்பத்தைந்து வயது கடந்த பெண்களுக்குக் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது, படிவத்தில் வயதைச் சரியாக எழுதினாலே போதும். வயதைக் குறைத்துச் சொல்லிப் பழகியவர்கள் மேலே ஏறிப் படுக்க வேண்டியதுதான்! பகல் ரயில் கிடைத்தால் இன்னும் நல்லது. 2023 இல் நாங்கள் மதுரையில் இருந்து சென்னைக்குப் பகலில்தான் போனோம், வழியெல்லாம் அம்மா ஒரு கண்ணால் வயல் பார்த்துக்கொண்டு வந்தா.

ரயிலில் உதவிக்கு 139 என்ற இலக்கம். இந்திய ரயில்வே சட்டம் 1989 இல் ஒரு பிரிவு இருக்கிறது: ஆண் துணையில்லாமல் போகும் பெண்ணிடம் ரிக்கற் இல்லாவிட்டாலும் கண்ட இடத்தில் இறக்கிவிடக் கூடாது, அவள் ஏறிய நிலையத்திலோ சந்தி நிலையத்திலோ கடைசி நிலையத்திலோ மாவட்டத் தலைநகர நிலையத்திலோ, அதுவும் பகலில் மட்டும்தான் இறக்கலாம். அந்தப் பிரிவின் எண்ணும் 139 தான். ரிக்கற் தொலைந்து போனாலும், பிழையான பெட்டியில் ஏறிவிட்டாலும் பயத்தில் நடு இரவில் குதித்து இறங்க வேண்டாம். தமிழ்நாட்டில் பெண்களுக்கான உதவி இலக்கம் 181, பொலிஸ் உட்பட எல்லா அவசரத்துக்கும் 112.

மதுரையில் சும்மா இருந்த நாட்களில் ராமேஸ்வரம் போனோம். அப்போது பாம்பன் ரயில் பாலம் பழுதென்று மூடியிருந்தார்கள். ரயில் மண்டபத்தோடு நின்றது, அங்கேயிருந்து பஸ்ஸில் வீதிப் பாலத்தால் கடலைக் கடந்தோம். இப்போது 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்து, ரயில் மறுபடி ராமேஸ்வரம்வரை போகிறது. மண்டபத்தில் இறங்கியபோது அம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்தா. எங்கள் சின்னம்மா 1990 இல் மன்னார்க் கரையில் இருந்து படகில் வந்து முதலில் பதிந்த முகாம் அங்கேதான். இரவில் எந்தப் படகென்று தெரியாமல் ஏறி, மணல் திட்டில் இறக்கிவிட்டுப் போய், விடிந்த பிறகு மீனவர்கள் ஏற்றி வந்தார்களாம். "அவளும் பாக்காமத்தான் ஏறினவள்" என்று அம்மா சொன்னா. அதற்குப் பிறகு சென்னைக் கதையை வைத்து என்னை ஏசவில்லை.

மத்திய கிழக்குக்குப் போகும் பிள்ளைகளுக்கு

வைத்தியத்துக்குப் போகிறவள் ஏமாந்தால் காசு போகும். வீட்டுவேலைக்குப் போகிறவள் பிழையான வாகனத்தில் ஏறினால் போவது காசு மட்டுமல்ல. 2022 இல் ஓமானில் நடந்தது பத்திரிகைகளில் வந்தது. சுற்றுலா வீசாவில் ஐக்கிய அரபு இராச்சியம் வழியாகக் கொண்டுபோகப்பட்ட எங்கள் நாட்டுப் பெண்கள் அங்கே விலை பேசி விற்கப்பட்டதாகச் சொன்னார்கள். அவர்களும் விமான நிலையத்தில் இறங்கி, யாரோ ஏற்றிய வாகனத்தில் ஏறியவர்கள்தானே. சுற்றுலா வீசா தந்து "அங்கே இறங்கினதும் ஆள் வருவார்" என்று ஒருவர் சொன்னால், அந்த இடத்திலேயே பயணத்தை நிற்பாட்டுங்கள். வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து போகிறவர்களும், ஏற்ற வருகிறவர் யார், எந்த நிறுவனம், தொலைபேசி இலக்கம் என்ன என்று எழுத்தில் வாங்கி, ஒரு பிரதியை அம்மாவிடமோ அக்காவிடமோ கொடுத்துவிட்டுப் போங்கள். வாகனத்தில் ஏற முதல் அந்த இலக்கத்தை வீட்டுக்கு அனுப்புங்கள். பணியகத்தின் அவசர இலக்கம் 1989, வீட்டில் இருப்பவர்கள் இங்கேயிருந்தே அழைக்கலாம்.

வேலைக்குப் போன பிறகு விடுமுறை நாளில் வெளியே போக அனுமதி கிடைக்கிறவர்களுக்குத் துபாய் பரவாயில்லை. அங்கே 2009 இல் தொடங்கிய மெட்ரோ ரயிலில் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் தனிப் பகுதி இருக்கிறது, அதற்குள் ஏறும் ஆணுக்கு நூறு திர்ஹம் தண்டம். பஸ்ஸிலும் முன்பக்கம் பெண்களுக்கு. இளஞ்சிவப்புக் கூரை போட்ட டாக்சியைப் பெண்களே ஓட்டுகிறார்கள். எங்கள் பக்கத்து வளவு அக்கா ஷார்ஜாவில் ஏழு வருடம் இருந்தவ. முதல் வருடம் தெரிந்தவரின் தெரிந்தவர் என்று ஒருவரின் காரில் கடைக்குப் போய் வந்தாவாம். ஒரு நாள் அவர் வழியை மாற்றியதும் சிவப்பு விளக்கில் கார் நின்ற நேரம் கதவைத் திறந்து இறங்கிவிட்டா. அதற்குப் பிறகு மீற்றர் டாக்சி அல்லது பஸ், வேறொன்றிலும் ஏறவில்லை. "காசு கூடத்தான்கா. ஆனா இறங்கி வந்து கணக்கு எழுத நான் இருந்தன்" என்று சிரிப்பா.

அம்மாவை அடுத்த வருடம் திரும்பக் காட்ட வேண்டும். இப்போது வழிகள் கூடிவிட்டன. காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே 2023 ஒக்டோபரில் தொடங்கிச் சில நாட்களிலேயே நின்றுபோன கப்பல், 2024 ஓகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. மாரிக்காலத்தில் கடலைப் பார்த்து நிற்பாட்டுவார்கள், ஆகவே ஓடுகிறதா என்று விசாரிக்காமல் இங்கேயிருந்து வெளிக்கிட முடியாது. பலாலியில் இருந்து சென்னைக்கும் விமானம் போகிறது, 2025 இல் இருந்து திருச்சிக்கும். கொக்கட்டிச்சோலையில் இருந்து பார்த்தால் கட்டுநாயக்காவும் தூரம்தான், யாழ்ப்பாணமும் தூரம்தான். யாழ்ப்பாணத்தில் ஓர் இரவு தங்கும் செலவையும் சேர்த்து ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அம்மா கப்பல்தான் என்று நிற்கிறா, ஆரு ஓட்டுகிறார் என்று பார்த்து ஏறலாமாம். எனக்குப் பாதையில் போனாலே தலை சுற்றும். இன்னும் முடிவு செய்யவில்லை.